பந்தி விசாரணை: பட்டாளத்தார் பதில்கள்

போன மாதம் இந்தப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். 1983ல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 2011ல் நாயப் சுபேதாராகப் பென்ஷன் வந்தது, மறுவருடம் எங்கள் சபையில் டீக்கனானது, நடுவில் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனானது என்று சுருக்கமாக. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த ஜெய்ஹிந்துகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே ஒரு ஜெய்ஹிந்த். கேள்வியாக வந்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் பதில்.

உங்களை 'சுபேதார் ஐயா' என்று கூப்பிடுவதா, 'டீக்கன் ஐயா' என்று கூப்பிடுவதா?
வாசகர், சாத்தான்குளம்

ஊரில் 'மிலிட்டரி' என்பார்கள். எங்கள் பஸ் ஸ்டாப்பில் இறங்கி என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'மிலிட்டரி வீடு' என்றால் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். சபையில் 'அண்ணாச்சி'. வீட்டில் 'இங்க பாருங்க'. மூன்றில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதை மட்டும் என் மனைவிக்கு விட்டுவிடுங்கள்.

டீக்கன் என்றால் பாதிரியாரா? அங்கி போடுவீர்களா? எங்கள் வீட்டில் ஒரே வாக்குவாதம்.
வாசகி, தஞ்சாவூர்

வாக்குவாதம் நியாயம்தான். ஏனென்றால் ஒரே சொல் மூன்று இடத்தில் மூன்று மாதிரி. கத்தோலிக்கர்களிடம் 'திருத்தொண்டர்' என்பார்கள். குருப்பட்டம் வாங்குமுன் ஏறும் படி அது. மனைவி பிள்ளைகளோடு இருப்பவர்களும் நிரந்தரமாகத் திருத்தொண்டராக இருக்க அவர்களிடம் வழியுண்டு. சி.எஸ்.ஐ.யில் டீக்கன் அபிஷேகம் பெற்று, அதன்பிறகு பிரஸ்பிட்டர், அதாவது குருவானவர், ஆவார், அங்கி உண்டு. எங்களைப் போன்ற சபைகளில் டீக்கன் என்றால் சபையார் கை தூக்கித் தேர்ந்தெடுக்கிற சாதாரண ஆள். அங்கி கிடையாது. வெள்ளை வேட்டி, சட்டை, சாவிக்கொத்து. அந்தச் சாவிக்கொத்துதான் எங்கள் அங்கி.

தமிழ் வேதாகமத்தில் டீக்கனுக்கு 'உதவிக்காரர்' என்று போட்டிருக்கிறது. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். அதைவிடப் பிடித்தது, அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் வருகிற 'பந்திவிசாரணை'. கதை இதுதான். எருசலேமில் முதல் சபை. தினமும் சாப்பாடு பங்கிடுகிறார்கள். கிரேக்க மொழி பேசுகிற விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு கிளம்புகிறது. அப்போஸ்தலர்கள், 'நாங்கள் பிரசங்கத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிக்க முடியாது, நல்ல சாட்சியுள்ள ஏழு பேரைப் பாருங்கள்' என்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதலான ஏழு பேர் அப்படி வந்தவர்கள்தான். ஆக, இந்த வேலை ஆரம்பித்ததே சோற்றுப் பந்தியில், விடுபட்டுப்போன விதவைகளால்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது பிறகுதான். முதலில் அடி வாங்கித் தெரிந்துகொண்டேன்.

டீக்கனான மறுவருடம் அசனப் பண்டிகை. திருநெல்வேலிப் பக்கம் தெரியாதவர்களுக்கு: அசனம் என்றால் ஊரே கூடிக் கோயில் வளாகத்தில் ஆக்கிச் சாப்பிடுவது. பெரும்பாலும் சி.எஸ்.ஐ. கோயில்களில் நடப்பது, எங்கள் சின்ன சபை அவர்களைப் பார்த்துத் தொடங்கியது. வீடு வீடாக அரிசி வாங்கி, எட்டு ஆடு அடித்து, ஆக்குப்புரை போட்டு, ராத்திரி முழுக்க வேலை. நான் பட்டாளத்தான் அல்லவா, சும்மா இருப்பேனா? யார் இலை போடுவது, யார் வாளி தூக்குவது, எத்தனை நிமிடத்தில் ஒரு பந்தி எழும்ப வேண்டும் என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். முதல் பந்தியில் வெளியூர் விருந்தாளிகள், நன்கொடை கொடுத்தவர்கள், இரண்டு கட்சிக்காரர்கள். நானே வாளியைத் தூக்கிக்கொண்டு, 'இன்னும் ரெண்டு துண்டு வைங்க' என்று பின்னாலேயே நடந்தேன். மூன்றாம் பந்தி முடிந்ததும் விருந்தாளிகளை வழியனுப்ப வாசலுக்குப் போய்விட்டேன். நேரத்துக்கு முடித்துவிட்டோம் என்று பெருமை வேறு.

நான்காம் பந்தியில் உட்கார்ந்தவர்கள், முந்தின ராத்திரி முழுக்க வெங்காயமும் பூண்டும் உரித்த பெண்கள். அதில் ஐந்தாறு பேர் விதவைகள். அவர்கள் இலைக்கு வந்த கறி வாளியில் குழம்பு மட்டும்தான் இருந்திருக்கிறது.

எனக்கு இது தெரியாது. திங்கட்கிழமை, ஒரு பாட்டியின் பென்ஷன் காகிதத்தில் கையெழுத்து வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் பழைய பட்டாளத்தார். இறந்து பத்து வருடத்துக்கு மேல். திண்ணையில் உட்காரச் சொன்னார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என் கையில் தந்துவிட்டுத்தான் கேட்டார்: "ஏ தம்பி, ஒங்க பட்டாளத்துலயும் கடைசில உக்காந்தவனுக்குக் கொழம்பு மட்டுந்தானா?"

காப்பி தொண்டையில் நின்றது. ஏனென்றால் அங்கே அப்படியே தலைகீழ். எங்கள் கம்பெனி லங்கரில், அதாவது பட்டாளச் சமையல்கூடத்தில், கடைசி ஜவானின் தட்டில் விழுந்த பிறகுதான் ஜேசிஓ (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி) தன் தட்டைத் தொடுவான். பனியில் இருந்து ராத்திரி பதினோரு மணிக்கு இறங்கி வருகிற பேட்ரோலுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் சமையல்காரன் படுப்பான். 28 வருடம் அந்த ஒழுங்கில் இருந்துவிட்டு, சொந்த ஊர்க் கோயிலில், சொந்த சனத்திடம் கோட்டை விட்டேன். பாட்டியின் கணவரும் அதே லங்கரில் சாப்பிட்டவர். பாட்டிக்குத் தெரியாமலா கேட்டார்?

இப்போதெல்லாம் கறி வெந்ததும் முதல் வேலை, கடைசிப் பந்திக்கென்று ஒரு தவலை கறியைத் தனியாக எடுத்து மூடி போட்டு வைப்பது. சாவி போடுகிற தவலை இருந்தால் சாவியும் போட்டிருப்பேன். ஒரு வருடம் பெரிய நன்கொடையாளர் ஒருவரின் விருந்தாளிக்கே கறி தட்டிப் போய், அவர் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. பரவாயில்லை, இப்போது பேசுகிறார்.

டீக்கன் மதுபானப் பிரியராக இருக்கக் கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே. உங்கள் கேன்டீன் ரம் கோட்டாவை என்ன செய்கிறீர்கள்?
வாசகர் (சிரிப்புப் பொம்மையோடு), நாகர்கோவில்

வாங்குவதில்லை. வாங்காததால் எனக்கு இருந்த பாதிச் சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். கல்யாண மாதத்தில் மட்டும் எங்கிருந்தோ வந்து, "மாமா, சும்மா கார்டை மட்டும் தாங்க" என்பார்கள். ரெஜிமென்டில் இருந்தபோது குடித்திருக்கிறேனா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். சியாச்சின் பக்கம் இருந்தபோது குடித்திருக்கிறேன். டீக்கன் தேர்தலுக்கு முன்பே சபையார் முன்னால் சொல்லியும் இருக்கிறேன். கேன்டீனில் நான் இப்போது வாங்குவது சோப்பு, டீத்தூள், மிக்சி.

ராணுவத்திலும் இருந்து, சபையில் டீக்கனாகவும் இருந்து பெரிய ஆளாக வந்தவர் யாராவது உண்டா? என் மகனுக்குச் சொல்ல வேண்டும்.
வாசகர், மதுரை

ஜிம்மி கார்ட்டர். அமெரிக்காவின் 39வது ஜனாதிபதி. 2024 டிசம்பர் 29ல், நூறு வயதில் இறந்தார். கேம்ப் டேவிட் ஒப்பந்தம், நோபல் பரிசு எல்லாம் மகன் பாடப் புத்தகத்தில் படித்துக்கொள்ளட்டும். நான் வேறு மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, அவருடைய கடற்படைக் காலம். 1946ல் அன்னபோலிஸ் கடற்படை அகாடமியில் முடித்தார். அடுத்த மாதமே, ஜூலை 7ல், ரோசலினைக் கல்யாணம் செய்தார். நீர்மூழ்கிக் கப்பலில் வேலை. 1952 டிசம்பரில் கனடாவில், சாக் ரிவர் என்ற இடத்தில் ஓர் அணு உலை கெட்டுப்போனது. அதைப் பிரித்தெடுக்க அமெரிக்கக் கடற்படையிலிருந்து போன குழுவுக்கு, அப்போது 28 வயதான கார்ட்டர் தலைவர். கதிர்வீச்சு பலமாக இருந்ததால் ஒருவர் உள்ளே நிற்கக்கூடிய நேரம் ஒன்றரை நிமிடம்தான். அதற்காகப் பக்கத்து டென்னிஸ் மைதானத்தில் உலை மாதிரியே ஒன்றைச் செய்து வைத்து, எந்த போல்ட்டை யார் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்துவிட்டு, ஓடிப்போய்க் கழற்றிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்கள். எந்தப் படையில் இருந்தவனுக்கும் இது புரியும். வீரம் என்று வெளியே சொல்வதில் முக்கால் பங்கு ஒத்திகைதான்.

இரண்டாவதை உங்கள் மகனுக்கு இப்போது சொல்லாவிட்டாலும் கல்யாணத்துக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். 1953ல் அப்பா இறந்ததும், கடற்படையை விட்டுவிட்டு ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்கிற சின்ன ஊருக்குத் திரும்பி நிலக்கடலை விவசாயம் பார்ப்பது என்று கார்ட்டர் முடிவெடுத்தார். மனைவியைக் கேட்கவில்லை. ரோசலினுக்கு வந்த கோபத்தில், ஊர் திரும்புகிற கார்ப் பயணம் முழுக்க அவரோடு நேராகப் பேசாமல், மூத்த மகன் வழியாகத்தான் பேசினாராம். 'அப்பாகிட்ட சொல்லு' என்கிற அந்த ஆயுதம் நம்மூர் மட்டும் என்று நினைத்திருந்தேன். கேட்காமல் முடிவெடுத்தது தப்பு என்று கார்ட்டரே பின்னால் பலமுறை சொன்னார். 77 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள். ரோசலின் 2023 நவம்பரில் போனார். அவர் ஒரு வருடம் கழித்து.

மூன்றாவது, டீக்கன் வேலை. பிளெய்ன்ஸ் பாப்டிஸ்ட் சபையில் அவர் அப்பாவைப் போல அவரும் டீக்கன். 1965ல் கறுப்பின மக்களைச் சபைக்குள் விடுவதில்லை என்று டீக்கன்மார் குழு ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. சபைக் கூட்டத்தில் கார்ட்டர் எழுந்து எதிர்த்துப் பேசினார். எதிர்த்து வாக்களித்தது அவர் குடும்பமும் இன்னும் ஒரே ஒருவரும்தான். தீர்மானம் நிறைவேறிவிட்டது. அதே ஊர்க்காரர்களிடம்தான் மறுநாள் விதைக்கடலையும் உரமும் விற்க வேண்டும். அதை நினைத்துப் பாருங்கள். யார் எந்தப் பந்தியில் உட்காரலாம் என்பது நம் பக்கத்துக் கோயில்களுக்கும் புதுக் கதை இல்லை. அதனால்தான் இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்காவே ஞாபகம் வரவில்லை.

ஜனாதிபதி பதவி முடிந்து 1981ல் அதே ஊருக்கு வந்து, மரநாதா பாப்டிஸ்ட் என்கிற சபையில் சேர்ந்தார். தொண்ணூறு வயது தாண்டியும் ஓய்வுநாள் பள்ளி நடத்தினார். தச்சு வேலை தெரிந்தவர்; காணிக்கைத் தட்டுகளைத் தன் கையால் செய்து கொடுத்தார். தன் முறை வரும்போது கோயில் புல்லை வெட்டினார், ரோசலின் கழிப்பறையைக் கழுவினார். எங்கள் சபையில் கழிப்பறை கழுவும் முறைப் பட்டியல் போட்டபோது ஒரு ரிட்டயர்ட் தாசில்தார் முகம் சுளித்தார். கார்ட்டர் கதையைச் சொன்னேன். "அது அமெரிக்கா" என்றார். அப்புறம் கழுவினார்.

என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார், இப்போது பஞ்சாபில் போஸ்டிங். குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. மகன் எட்டாம் வகுப்பு, மாமியாருக்கு முட்டுவலி. போகவா, ஊரிலேயே இருக்கவா? போன மாதம் நீங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்றரை வரிதான் எழுதியிருந்தீர்கள்.
வாசகி, பெயர் வேண்டாம் என்கிறார்

ஒன்றரை வரிதான் எழுதினேன். சரியாகப் பிடித்துவிட்டீர்கள் அம்மா. போங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றிவர வேண்டும்.

எனக்குக் கல்யாணம் 1989ல். பென்ஷன் வந்தது 2011ல். இந்த 22 வருடத்தில் நானும் என் மனைவியும் ஒரே கூரையின் கீழ் இருந்தது, லீவையெல்லாம் கூட்டினால் ஒன்பதரை வருடம். வருடாந்திர லீவு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள் என்று கணக்கு இருக்கும். ஜம்முவிலிருந்து நாகர்கோவிலுக்கு ஹிம்சாகரில் வர மூன்று நாளுக்கு மேல் ஆகும். கையில் தகரப் பெட்டி, ஒரு மூட்டை ஆப்பிள். ஊர் வந்து சேரும்போது பாதி ஆப்பிள் அழுகியிருக்கும்.

மீதிக் காலமெல்லாம் கடிதம். 'கேர் ஆஃப் 56 ஏபிஓ' என்று ராணுவத் தபால் முகவரி போட்டால் இந்தியாவின் எந்த மலையில் இருந்தாலும் வந்து சேர்ந்துவிடும். எங்கே இருக்கிறோம் என்பது மனைவிக்கே தெரியாது, தபாலுக்குத் தெரியும். அவள் எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் 'கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு, இங்கு யாவரும் நலம், அங்கு தங்கள் நலமறிய ஆவல்' என்று தொடங்கும். நானும் அப்படியே 'இங்கு நலம்' என்று பதில் போடுவேன்.

2011ல் வந்து வீட்டு அலமாரியைச் சுத்தம் செய்தபோது அவளுடைய கணக்கு நோட்டு கிடைத்தது. பால் கணக்கு, தேங்காய்க் கணக்கு, பள்ளிக்கூட ஃபீஸ். 1997ம் வருடப் பக்கத்தில் 'சீட்டு: 40,000' என்று எழுதி அடித்திருந்தது. அதற்குக் கீழே 'வளையல் 4' என்று இருந்தது. கேட்டேன். ஏலச்சீட்டு பிடித்தவர் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போயிருக்கிறார். வீட்டு மேற்கூரை வேலை பாதியில் நிற்க, வளையலை விற்று முடித்திருக்கிறாள். அந்த மாதம் எனக்கு வந்த கடிதத்தைத் தேடி எடுத்தேன், பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். 'இங்கு யாவரும் நலம். மழைக்கு முன் கூரை முடிந்துவிட்டது.' அவ்வளவுதான். அதே மாதம் நான் எழுதிய கடிதத்தை அவள் எடுத்தாள். 'இங்கு நலம், லேசான சளி.' உண்மையில் அப்போது காலில் பனிக்கடியோடு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், குவார்ட்டர்ஸ் கிடைக்கும்போது போய்விடுங்கள். பீஸ் போஸ்டிங், அதாவது சண்டைப் பகுதி இல்லாத இடத்து வேலை, இரண்டு மூன்று வருடம்தான், அடுத்தது எங்கே என்று அவருக்கே தெரியாது. பையனுக்குக் கேந்திரிய வித்யாலயாவில் இடம் கேட்டுப் பாருங்கள். மாற்றலாகி வருகிற மத்திய அரசு ஊழியர், ராணுவத்தார் பிள்ளைகளுக்கு அங்கே முன்னுரிமை. இந்தி ஆறு மாதத்தில் வந்துவிடும், என் மகளுக்கு மூன்றே மாதத்தில் வந்தது, கெட்ட வார்த்தை உட்பட. மாமியாரையும் கூட்டிப்போக முடியுமா என்று பாருங்கள். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் கணவருடைய சர்வீஸ் ரெக்கார்டில் அம்மா பெயர் ஏறியிருக்க வேண்டும். குளிர்தான் முட்டுவலிக்கு ஆகாது. அதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். கார்ட்டர் மாதிரி கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

'கொலை செய்யாதிருப்பாயாக' என்பது கட்டளை. உங்கள் ரெஜிமென்ட் முழக்கமோ 'வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு'. இரண்டையும் எப்படி ஒரே நெஞ்சில் வைத்திருந்தீர்கள்?
கல்லூரி மாணவர், திருச்சி

தம்பி, உங்களுக்குச் சாமர்த்தியமான பதில் சொல்ல என்னால் முடியும். யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர்கள் வந்து 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டார்கள். அவர் வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. யாரையும் துன்பப்படுத்தாதே, பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதுமென்று இரு என்றார். பிரசங்கத்தில் இதைச் சொன்னால் கை தட்டுவார்கள். (மூன்றாவது புத்திமதியை ஒரே பதவி ஒரே பென்ஷன் போராட்டத்தின்போது என் நண்பர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அடிக்க வந்தார்கள்.)

ஆனால் நீங்கள் கேட்டது அதையல்ல என்று தெரிகிறது. எல்லைக்கோட்டில் ராத்திரி எதிர்ப்பக்கம் வெளிச்சம் தெறிக்கும், அந்த வெளிச்சத்தைப் பார்த்துச் சுடுவோம். காலையில் யாரும் போய்ப் பார்க்க முடியாது. என் குண்டு யார் மேலாவது பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரவில் அது வந்து என்னை எழுப்பியதில்லை என்றால் நம்புவீர்களா? எழுப்புவது வேறொன்று.

1987ல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனேன். 22 வயது. எங்கள் பிளாட்டூனில் நன்றாகத் தமிழ் பேசுகிற இரண்டு பேரில் நான் ஒருவன், அதனால் வீடு வீடாகச் சோதனை போடும்போது என்னை முன்னால் விடுவார்கள். ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் மட்டும் இருந்தார். பனையோலை வேலி, சுத்தமாகப் பெருக்கிய முற்றம். "உள்ளே யாரும் இருக்கிறார்களா அம்மா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீங்கள் தமிழோ?" என்றார். "ஆமாம்மா." ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தேன். அவர் திரும்பி வந்தபோது கையில் பித்தளைப் பாத்திரம், பக்கத்தில் சின்ன மூக்கு வைத்தது, நிறையத் தண்ணீர். அதற்கு மூக்குப்பேணி என்று பெயர் என்பதே பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

வெளியாட்கள் கொடுக்கும் எதையும் குடிக்கக் கூடாது என்பது உத்தரவு. பின்னால் ஹவில்தார் நிற்கிறார். குடிக்கவும் முடியாது, அந்த அம்மா பார்க்கக் கீழே வைக்கவும் கை வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. கடைசியில் அவரே வாங்கி, செம்பரத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே போனார். அந்தப் படையில் எங்கள் ஆட்கள் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். அந்த மண்ணின் ஜனங்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் கேள்விக்கு இது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருப்பது இதுதான்.

அப்பா 1971 போரில் இருந்தவர், போன வருடம் இறந்தார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. பெயர் வித்தியாசம் என்கிறார்கள்.
வாசகர், விருதுநகர் மாவட்டம்

நம் ஊர்களில் பத்துக்கு ஆறு கேஸ் இதுதான். அப்பா கல்யாணமானதும் ரெஜிமென்டில் எழுதிக்கொடுத்த பெயர் ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று. எங்கள் சபைப் பாட்டிக்கு நான்கு பெயர் இருந்தது, நான்கும் ஒரே ஆள் என்று நிரூபிக்க எனக்கு ஒன்றேகால் வருடம் ஆனது.

முதலில் அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் பேமென்ட் ஆர்டரையும் தேடி எடுங்கள். அதில் அம்மா பெயர் எப்படி இருக்கிறதோ, ஒரு எழுத்து மாறாமல் அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற ஆவணங்களில் இருக்கும் பெயர்களும் இவரே என்று உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்யுங்கள். இறப்புச் சான்று, ஆதார், பான், வங்கிப் புத்தகம் எல்லாம் சேர்த்து, உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அப்பா எந்த ரெஜிமென்டோ அதன் ரெக்கார்ட் ஆபீசுக்கு அவர்கள் வழியாகவே அனுப்புவது நல்லது. மதராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். இப்போது ராணுவப் பென்ஷன் எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்கிற ஆன்லைன் முறைக்கு வந்துவிட்டது, அதில் அம்மாவின் போன் நம்பர்தான் இருக்க வேண்டும், உங்கள் மச்சான் நம்பர் வேண்டாம். நான் சொல்வதன் அர்த்தம் உங்களுக்குப் புரியும்.

தொகை பற்றி: சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். பென்ஷனர் 67 வயதுக்குள் இறந்திருந்தால் ஏழு வருடம், அல்லது அவருக்கு 67 ஆகியிருக்கும் தேதி, இதில் எது முந்தியோ அதுவரை 50 சதவீதம். 1971ல் போரில் இருந்தவர் என்றால் உங்கள் அப்பா அந்த வயதைத் தாண்டியிருப்பார், ஆகவே 30தான். வர வேண்டிய பாக்கி, அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்குப் போட்டு வரும். பணம் வரத் தொடங்கிய பிறகு வருடத்துக்கு ஒரு முறை வாழ்நாள் சான்று கொடுக்க மறந்துவிடாதீர்கள். நின்றுபோன பென்ஷனைத் திரும்ப ஓட வைப்பது, நின்றுபோன மாட்டு வண்டியைத் தள்ளுகிற மாதிரி.

எங்கள் தெரு முன்னாள் ராணுவத்தார் இறந்தபோது பெட்டி மேல் தேசியக் கொடி போர்த்தினோம். ஒருவர் வந்து குற்றம் என்று சொல்லிவிட்டார். நிஜமா?
வாசகர், தூத்துக்குடி

அவர் சொன்னது சரி. அரசு மரியாதை, ராணுவ மரியாதை, மத்திய ஆயுதப் படை மரியாதையோடு நடக்கிற இறுதிச் சடங்குக்கு மட்டும்தான் கொடி போர்த்தலாம். நாமாகப் போர்த்தக் கூடாது. மரியாதையோடு நடந்தாலும், குழிக்குள் இறக்குமுன் கொடியை எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டுச் செய்தது என்று எல்லோருக்கும் தெரியும், அடுத்த முறை அவருடைய மெடல்களை ஒரு தலையணையில் குத்தி முன்னால் கொண்டு போங்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் அப்படித்தான் செய்கிறோம்.

இப்போதும் காலையில் விசில் அடித்துத்தான் எழுப்புகிறீர்களா?
உங்கள் மருமகள் என்று கையெழுத்திட்ட கடிதம், எந்த ஊர் என்று போடவில்லை

கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது, ஊர் போட வேண்டாம். விசிலை 2011 டிசம்பரிலேயே உன் அத்தை பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். "இது லைன் இல்ல, வீடு" என்றாள். நாலரைக்கு நான் மட்டும் எழுகிறேன். மோட்டார் போடுவது, வாசல் விளக்கை அணைப்பது, ஞாயிறென்றால் கோயில் கதவைத் திறப்பது. அதற்கு முன் அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி. சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்று ஆரம்ப நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாளைக்குக் குறைத்துப் போட்டுப் பார்க்கிறேன்.